ஏழாவது நெற்றி

நாமம் தீர்ந்துவிட்டது என்று கிருஷ்ணமணி சொன்னபோது கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருந்தது.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகல் வழிபாடான உச்சிப் பணிவிடை முடிந்த நேரம். மயிலாடிக்குத் தெற்கே வாழைத்தோட்டங்களுக்கு நடுவில், அய்யாவைத் தெய்வமாக வணங்குகிறவர்கள் கூடிக் கும்பிடும் அந்த நிழல் தாங்கலில் அன்று நல்ல கூட்டம். ஆண்கள் சட்டையைக் கழற்றி, துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களை அடுத்துப் பெண்கள். பள்ளியறை வாசலில் நின்று, ஒவ்வொருவர் நெற்றியிலும் புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி வெள்ளை நாமத்தை இழுத்துவிடுவது கிருஷ்ணமணியின் பணி. தொட்டுநாமம் சாத்துவது என்று சொல்வார்கள். யாரும் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த மக்களை அய்யா தொட்டார், அதனால் நாமம் சாத்துகிறவன் நெற்றியைத் தொட்டுத்தான் சாத்தவேண்டும், எதிரில் நிற்பது யார் என்று பார்க்கக் கூடாது. அவருக்கு முன்னால் அங்கே பணிவிடை செய்தவர் அவருக்குச் சொல்லிவைத்தது அவ்வளவுதான். கிருஷ்ணமணி இருபத்திரண்டு வருடமாக அதை மீறியதில்லை. முகத்தைப் பார்க்க மாட்டார். நெற்றி வரும், விரல் போகும், அடுத்த நெற்றி வரும்.

அன்று வந்த ஒரு நெற்றி மட்டும் நடுங்கியது. வேர்வை வழிந்து புருவத்தில் சொட்டி நின்றது. யாருக்கோ மயக்கம் வருகிறது போல என்று நினைத்துத்தான் அவர் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார்.

முருகதாஸ்.

பத்மநாபபுரம் கோர்ட்டு வராந்தாவில் மூன்று தடவை பார்த்த முகம். மகள் சுபிதாவின் ஸ்கூட்டரின் மேல் டிப்பர் லாரியை ஏற்றியவன்.

நாமத்தோடு தூக்கிய விரல் பாதி வழியில் நின்றுபோயிற்று. முருகதாஸ் கும்பிட்ட கையோடு கண்ணை மூடி நின்றான். கிருஷ்ணமணி விரலைத் துணியில் துடைத்தார்.

"நாமம் தீந்துட்டு," என்றார். "இனி சாயங்காலம்தான்."

பக்கத்தில் நின்ற பொன்னுலிங்கம், தாங்கலின் தலைவர், கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்தார். வந்திருப்பது யார் என்று, கோர்ட்டுக்குக் கூட வந்திருந்த அவருக்கும் புரிந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கிண்ணத்தின் மேல் போட்டார். முருகதாஸ் கண்ணைத் திறந்தான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அய்யா உண்டு," என்ற வழக்கமான வணக்கத்தை மெல்லச் சொல்லி நகர்ந்தான். சாப்பாட்டுப் பந்தியில் உட்காரவில்லை. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ரோட்டுக்குப் போய்விட்டான்.

அவனுக்குப் பின்னால் வரிசையில் ஒரு கைக்குழந்தையோடு சேர்த்து ஆறு பேர் நின்றார்கள். நாமம் தீர்ந்துவிட்டதென்றால் அது அவர்களுக்கும் சேர்த்துத்தானே. அதில் ஒருத்தி தோவாளையிலிருந்து வந்த இளம்பெண், நாற்பத்தொரு நாள் ஆன குழந்தையை முதன்முதலாகத் தாங்கலுக்குக் கொண்டுவந்திருந்தாள். சாயங்காலம் வரை நிற்க முடியாது என்று வாசலில் காத்திருந்த அவள் மாமியார் முணுமுணுத்தாள். குழந்தை நாமம் இல்லாத நெற்றியோடு ஆட்டோவில் ஏறியதைக் கிருஷ்ணமணி பள்ளியறைக் கதவைச் சாத்தும்போது பார்த்தார்.

கிருஷ்ணமணி பொய் சொல்லாதவர் என்பது மயிலாடி ஜங்ஷனில் எல்லாருக்கும் தெரியும். அங்கே அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. தோட்டத்து மோட்டார், வீட்டு மோட்டார், கல்பட்டறைகளிலிருந்து வரும் கட்டிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்னால் வெள்ளிக்கிழமை தருவார். முடியாது என்று தோன்றினால் வேறு கடைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுவார். ஒரு நாள் முன்னே பின்னே சொன்னால் என்ன, தொழிலென்றால் அப்படித்தானே என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பார்கள். விடியற்காலையில் அய்யாவின் பேரைச் சொன்ன வாயால் பத்து மணிக்கு அப்படிச் சொல்ல வரவில்லை என்பார். அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார். ஒரு குறையை ஒப்புக்கொள்கிற மாதிரிச் சொல்வார்.

நாலு மணிக்கு எழுந்து கிணற்றுத் தண்ணீரில் குளித்து, ஈர வேட்டியோடு நடந்துபோய்ப் பள்ளியறையைத் திறப்பார். உள்ளே சிலை கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் விளக்கு. விளக்கேற்றி, தலைப்பாகையைச் சரிசெய்து, அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிடவேண்டும். உனக்குள் இருக்கிற அய்யாவை நீ கும்பிடு என்பது அதன் பொருள். மழையோ காய்ச்சலோ, அவர் விட்டதில்லை. விட்டது இருபத்தாறு நாள்தான். சுபிதா நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்தாறு நாள்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போது சுபிதாவுக்கு இருபது வயது, காலேஜில் கடைசி வருடம். தோழியின் கல்யாணத்துக்காகத் தக்கலைக்குப் போகிற வழியில், வில்லுக்குறி வளைவில், பாறைப்பொடி ஏற்றிய டிப்பர் அவளை இடித்துத் தள்ளியது. உயிர் தங்கியது, இடதுகால் முழங்காலுக்குக் கீழே தங்கவில்லை. ஸ்கூட்டர்தான் குறுக்கே வந்தது என்று முருகதாஸ் போலீசில் எழுதிக் கொடுத்தான். லாரி டிரைவர் தலையைக் குனிந்து கையில் எதையோ பார்த்துக்கொண்டு வந்தான் என்று முதல் நாள் சொன்ன டீக்கடைக்காரர், ஒரு மாதம் கழித்துத் தான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். கேஸ் இழுத்துக்கொண்டே கிடந்தது. சுபிதா செயற்கைக் கால் போட்டு நடக்கப் படித்து, வடசேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து கிருஷ்ணமணி நடந்ததைச் சொன்னார். மனைவி முத்துக்கனி கேட்டுவிட்டு, அந்தக் கிண்ணத்தையே அவன் தலையில் கவிழ்த்தியிருக்க வேண்டும் என்றாள். சாயங்காலம் பொன்னுலிங்கமும் வந்தார். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பான், மனதில் ஒன்றும் வைக்கவேண்டாம் என்று தோளில் தட்டினார். ஊரில் கேள்விப்பட்ட ஒருவர்கூட அவரைக் குறை சொல்லவில்லை. கிருஷ்ணமணிக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. யாராவது ஒருவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு வாதாடியாவது இருக்கலாம்.

திங்கட்கிழமை விடியற்காலை பள்ளியறையைத் திறந்து விளக்கேற்றினார். கிண்ணத்தில் முந்தின நாள் நாமம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதைக் கழுவி வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். தலை நிமிரவில்லை. குனிந்தபடியே கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. கடையில் ஒருவன் மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்டான். வியாழக்கிழமை என்று சொல்ல வாயெடுத்த கிருஷ்ணமணிக்குத் தன் வாக்கின்மேலேயே சந்தேகம் வந்தது. உறுதியில்லை, போன் பண்ணிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை சாயங்காலம் சுபிதா பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்தாள். தினமும் அப்படித்தான். அப்பா கடை சாத்தும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்து, அவருடைய மொபெட்டில் ஏறி வீட்டுக்குப் போவாள். வெக்கைக்கு அவளுக்குக் காலின் வெட்டுவாய் அரிக்கும். உட்கார்ந்ததும் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொடுப்பாள். அந்த நேரம் கிருஷ்ணமணி ஏதாவது ஒரு மோட்டாரைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்.

"அம்மை சொன்னா," என்றாள் சுபிதா. "அவன் தாங்கலுக்கு வந்தானாம்."

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"நாமம் தீந்துட்டுன்னு சொன்னியளாம்."

"ம்."

"தீந்துட்டா?"

திருப்புளியைக் கீழே வைத்தார். "இல்ல மக்கா."

அப்பா பிரித்துப் போட்ட செப்புக் கம்பிச் சுருளைக் கையில் எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்காவ சொன்னியளாக்கும்," என்றாள். "எனக்க காலு போனது பத்தாதா அப்பா? ஒங்க வாக்கும் போணுமா?"

கிருஷ்ணமணி அவளைப் பார்த்தார். அவள் அழவில்லை, நல்ல கோபத்தில் இருந்தாள்.

"அவன நான் மன்னிக்கல்ல. மன்னிப்பேன்னும் சொல்லல்ல. அது எனக்கும் அவனுக்கும் உள்ளது, அதுல யாரும் தலையிடாண்டாம். ஆனா நாமம் நம்ம வீட்டுச் சொத்தா, வேண்டியவனுக்குக் குடுக்கதுக்கும் வேண்டாதவனுக்கு இல்லைங்கதுக்கும்? அது அய்யாவுக்குள்ளதுல்லா."

கிருஷ்ணமணி திருப்புளியைப் பெட்டியில் போட்டார். கடையைச் சாத்தினார். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து சுபிதா வழக்கம்போல அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு உச்சிப் பணிவிடை முடிந்ததும், நாமக் கிண்ணத்தை எடுப்பதற்கு முன் கிருஷ்ணமணி கூட்டத்தைப் பார்த்து நின்றார். போன வாரம் நாமம் தீர்ந்துவிட்டது என்று இதே இடத்தில் நின்று சொன்னேன், அது பொய், ஒரு ஆளுக்குச் சாத்த மனதில்லாமல் சொன்னது, ஏழு பேர் வெறும் நெற்றியோடு போனார்கள் என்றார். பேச்சுப் பழக்கம் இல்லாதவர், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இன்றைக்கு வேறு யாராவது சாத்தட்டும் என்று கிண்ணத்தைப் பொன்னுலிங்கத்திடம் நீட்டினார்.

பொன்னுலிங்கம் வாங்கவில்லை. அவருக்குச் சங்கடமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. "துண்டு போட்டு மூடினவன் நான்லா கிருஷ்ணமணி," என்றார். "எனக்கிட்ட நீட்டினா எப்படி?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், இப்படியே நின்றால் கஞ்சி ஆறிப்போகும், யாராவது சாத்துங்கள் என்று சொன்னார். கிருஷ்ணமணியே சாத்தினார். ஆனால் அதற்கு முன்னால் மனதில் ஒன்று முடிவு செய்துவிட்டார். விட்டுப்போன ஏழு பேரையும் வீடு தேடிப் போய்ப் பார்த்துவிடுவது.

திங்கட்கிழமை முதல் கடையைச் சீக்கிரம் சாத்தினார். நாமமண்ணை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர். முதல் ஆள் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், சேற்றுக்காலோடு வந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பிலேயே நின்றார். இரண்டாவது ஆளுக்கு இந்த விஷயமே மறந்துபோயிருந்தது, இதற்காகவா வந்தீர்கள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். ஈத்தாமொழியில் அக்கா தங்கை இரண்டு பேர், வந்தவரைச் சாப்பிடாமல் விடவில்லை. தோவாளையில்தான் கொஞ்சம் சிரமம். மாமியார் வாசலில் நிற்கவைத்தே பேசினாள். குழந்தைக்கு அன்றைக்கு ராத்திரியே காய்ச்சல் வந்தது, நாமம் இல்லாமல் போனதுதான் காரணம் என்று நீட்டி முழக்கினாள். கிருஷ்ணமணி மறுத்துப் பேசவில்லை. அந்த இளம்பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலை நிற்காத பிஞ்சு. தாய்க்குச் சாத்திவிட்டு, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து அந்தச் சின்ன நெற்றியில் தொட்டதும் குழந்தை வீரிட்டு அழுதது. மாமியார்கூடச் சிரித்துவிட்டாள்.

ஆறு நெற்றி ஆயிற்று.

ஏழாவது ஆளின் விலாசம் கோர்ட்டுப் பேப்பரில் இருந்தது. குலசேகரத்துக்கு மேற்கே ஒரு குக்கிராமம். சனிக்கிழமை கடைக்கு லீவு விட்டார். எங்கே போகிறார் என்று முத்துக்கனியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"போங்க," என்றாள். "ஆனா வந்து எனக்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்குக் கேக்காண்டாம்."

பணிவிடைக்குப் போகிற நாள்போல ஒன்றும் சாப்பிடாமல் புறப்பட்டார். வடசேரியில் குலசேகரம் பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். வில்லுக்குறி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார், வளைவில் பஸ் திரும்புவது உடம்பில் தெரிந்தது. தக்கலை தாண்டியதும் எதிரில் தார்ப்பாய் மூடிய டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவன் வீட்டில் இருக்கக் கூடாது, வந்து பார்த்தேன் ஆள் இல்லை என்று திரும்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதுவும் பழைய பொய்க்குக் கூடப்பிறந்ததுதான் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. மனது வரவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அய்யா, கை முதலில் போகட்டும், மனது பின்னால் எப்போது வருகிறதோ வரட்டும் என்று கேட்டுக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ரப்பர் தோட்டத்துச் சரிவில், ஷீட் கூரை போட்ட சின்ன வீடு. வெளியே கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன, அந்தப் புளித்த வாசனை வழியெங்கும் வந்தது. இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு இளம்பெண் ஒருத்தி வந்து யாரு என்று கேட்டாள். முருகதாஸின் மனைவி, இந்துஜா. தாங்கலிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னார். அவள் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, சரிவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

ரப்பர்பால் வாளியைத் தூக்கிக்கொண்டு முருகதாஸ் ஏறி வந்தான். கிருஷ்ணமணியைக் கண்டதும் வாளியை அப்படியே தரையில் வைத்தான். யார் என்று கணவனின் முகத்தைப் பார்த்தே இந்துஜாவுக்கு விளங்கிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

கிருஷ்ணமணி உட்காரவில்லை. "லாரிக்குப் போவல்லியா?" என்று கேட்டார். கேட்கவேண்டும் என்று நினைத்து வந்த கேள்வி இல்லை அது.

"இல்ல. அதுக்குப் பொறவு ஸ்டியரிங்கத் தொட்டா எனக்க கை வெறைக்கும்," என்றான். "ரப்பர் வெட்டப் போவுதேன்."

"தாங்கலுக்கு எதுக்கு வந்த?"

முருகதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான். கோர்ட்டில் வைத்து எத்தனையோ தடவை பேச வந்தான், வக்கீல் பேசக் கூடாது என்று தடுத்துவிட்டார். சின்ன வயதிலிருந்து அவனும் தாங்கலுக்குப் போகிறவன். அந்தப் பிள்ளையின் அப்பா மயிலாடிப் பக்கத்துத் தாங்கலில் நாமம் சாத்துகிறவர் என்று யாரோ சொன்னார்கள்.

"அங்க வந்தா ஒங்களுக்கு என்னத் தொடாம முடியாதுண்ணு தெரியும்," என்றான். "ஒரு தடவ தொட்டா மதி, அது போதும் எண்ணு நெனச்சேன்."

கிருஷ்ணமணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவன் அறியாமல் வந்து வரிசையில் நின்றவன் இல்லை. கணக்குப் போட்டு வந்து, அய்யாவின் வாசலில் வைத்துத் தன்னை மடக்கியிருக்கிறான்.

"எனக்க மொவ ஒத்தக்காலுல நடக்கா," என்றார். "நீ என்னத் தொட வச்சுப் பாக்கதுக்கு வந்தியா?"

உள்ளே குழந்தை ஏதோ சொல்லியது, தாய் அதன் வாயைப் பொத்துவது கேட்டது. கிருஷ்ணமணி திரும்பி இரண்டு அடி வைத்தார். முற்றத்தின் ஓரத்தில் கிணறு இருந்தது. அங்கே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் என்ன நினைத்து வந்தான் என்று பார்க்கவா தன்னை அந்த வாசலில் நிறுத்தியிருக்கிறது? ஒவ்வொருவனும் என்னென்னவோ நினைத்துக்கொண்டுதான் வருகிறான். கடன் தீர, கல்யாணம் கூட, பக்கத்து வீட்டுக்காரன் நாசமாய்ப் போக. இருபத்திரண்டு வருடமாக அவர் யாரையும் கேட்டதில்லை. இவனிடம் மட்டும் கேட்டதுதான் புதுசு.

வாளியில் வெள்ளம் கோரி வைத்தார்.

"வந்து மூஞ்சியக் கழுவு," என்றார். "துண்டத் தலையில கெட்டு."

முருகதாஸ் கையிலிருந்த ரப்பர்பாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். சட்டையைக் கழற்றினான். துண்டைத் தலையில் சுற்றிக் கட்ட இரண்டு தடவை தவறிப்போய், மூன்றாவது தடவை நின்றது. கிருஷ்ணமணி டப்பாவைத் திறந்து, கொஞ்சம் வெள்ளம் விட்டு நாமத்தைக் குழைத்தார். நெற்றியைப் பார்த்தார். கண்ணைத் தாழ்த்தவில்லை.

விரல் போயிற்று. புருவ நடுவில் தொட்டு மேலே இழுத்தார். நெற்றி காய்ச்சல்காரனுக்குப்போலச் சுட்டது. தொட்ட நொடியில் ஏதாவது ஆகும், ஒன்று அருவருப்பு வரும், இல்லாவிட்டால் பெரிய பாரம் இறங்கும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆறு பேருக்கு என்ன இருந்ததோ அதுதான் இவனுக்கும் இருந்தது. தோலும் எலும்பும் வேர்வையும்.

"அய்யா உண்டு," என்றார்.

முருகதாஸ் கும்பிட்ட கையை இறக்கவில்லை. "போன் எனக்க கையிலதான் இருந்து," என்றான். "போலீசுல பொய் எழுதிக் குடுத்தேன்."

கிருஷ்ணமணி டப்பாவை மூடித் துணியில் சுற்றினார். "அத எனக்கிட்டச் சொல்லாத. சொல்ல வேண்டிய எடம் உனக்குத் தெரியும். நாமத்தத் தந்துட்டுப் பகரமா ஒண்ணும் வாங்க நான் வரல்ல. நீ சொன்னாலும் சொல்லாட்டாலும் இது இதுதான்."

இந்துஜா ஒரு செம்பில் குடிக்க வெள்ளம் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தார். அவளுக்கும் குழந்தைக்கும் நாமம் சாத்திவிட்டு இறங்கி நடந்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அது மகளுக்கு உள்ளது, தான் எடுத்துக் கொடுக்க முடியாது.

வீட்டில் முத்துக்கனி ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவர்களுக்குள் சோற்றைப் போடு, வெள்ளம் எடு என்பதற்கு மேல் பேச்சு இல்லை. சுபிதா மட்டும் கடையில் வைத்துக் கேட்டாள். போனேன், சாத்தினேன் என்றார். சரி என்றாள்.

ஆனி மாதம் கேஸ் விசாரணைக்கு வந்தது. முருகதாஸ் கூண்டில் ஏறி, வண்டி ஓட்டும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தப் பிள்ளையின் மேல் தவறில்லை, முதலில் எழுதிக்கொடுத்தது பொய் என்று சொன்னான். அவனுடைய வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டைப் பெஞ்சில் போட்டுவிட்டு வெளியே பார்த்தார். மாஜிஸ்திரேட் இரண்டு தடவை கேட்டார், யோசித்துத்தான் சொல்கிறாயா என்று. ஆமாம் என்றான். அதன்பின் கேஸ் இழுக்கவில்லை. ஆறு மாதம் ஜெயில் தண்டனை ஆயிற்று.

போலீஸ்காரர் அவனை வராந்தா வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தபோது சுபிதா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கிருஷ்ணமணி தடுக்கப் பார்த்தார், அவள் கையை விலக்கினாள்.

"போன்ல யாரு?" என்று கேட்டாள்.

இரண்டு வருடமாக அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது கிருஷ்ணமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கும், அவசரமாக அழைத்திருப்பார்கள் என்று அவள் தனக்குத்தானே ஒரு கதை கட்டி வைத்திருந்தாள்.

முருகதாஸ் தலை குனிந்தான். "யாரும் இல்ல. ஒரு வீடியோ பாத்தேன். ஆனை குளிக்கிற வீடியோ."

சுபிதா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள், கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதுபோல. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோட்டியோடு என்ற ஊர் வந்தபோது, "ஆனை குளிக்கதுக்கா அப்பா," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவில்லை, அழுகையாகத் திரும்பியது. காலை எடுத்த அன்றுகூட அப்படி அழுததில்லை. கிருஷ்ணமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது முகத்தைக் கழுவிக்கொண்டு, பசிக்கிறது என்றாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இந்துஜா குழந்தையோடு தாங்கலுக்கு வந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி. யாரும் அவளை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பந்தியில் கஞ்சி விளம்பிக்கொண்டிருந்த முத்துக்கனி அவளைக் கண்டதும் கரண்டியை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டாள். அடுத்த வாரமும் அப்படித்தான்.

மூன்றாவது வாரம் மழை. கூட்டம் குறைவு, விளம்ப ஆள் இல்லை. முத்துக்கனி வாளியோடு வரிசையில் வந்தாள். இந்துஜாவின் முன்னால் வந்ததும் நின்றாள். குழந்தை கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் தட்டிக்கொண்டிருந்தது. முத்துக்கனி இருவருக்கும் கஞ்சியை ஊற்றினாள், பயறு வைத்தாள். நகரப் போனவள், குழந்தையைப் பார்த்து, "சூடா இருக்கும். ஊதிக் குடு," என்று தாயிடம் சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போனாள்.